சம்பளப் பட்டியலில் ஒரு ரூபாய்

குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி, வடலூர் பக்கமிருந்து நெய்வேலிக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள் பலர். பி.எஃப்., இ.எஸ்.ஐ. போக அவர்கள் கைக்கு வரும் தொகையை இன்று பெரும்பாலும் எக்செல்தான் கணக்கிடுகிறது. நூறு பேருக்கும் ஒரே விதி, நொடியில் விடை, செல்லைத் தட்டினால் ஃபார்முலா கண்ணுக்குத் தெரியும். பேனாவால் எழுதிய பழைய பேரேட்டில் பைசாவை யார், எப்படித் தள்ளினார் என்று தேடவே முடியாது. அந்த வகையில் இது பெரிய முன்னேற்றம்.

சிக்கல், எந்த ஃபார்முலா என்பதில் தொடங்குகிறது.

பி.எஃப். தொகையை அருகிலுள்ள ரூபாய்க்கு முழுமையாக்க வேண்டும். இ.எஸ்.ஐ.யில் தொழிலாளியின் பங்கான 0.75 சதவீதத்தை அடுத்த ரூபாய்க்கு ஏற்ற வேண்டும். சம்பளம் 12,300 என்றால் பங்கு 92.25. ‘ரவுண்ட்’ 92 என்கிறது. விதிப்படி வர வேண்டியது ‘ரவுண்ட்அப்’ தரும் 93. இரண்டு பத்திக்கும் ஒரே ஃபார்முலாவை இழுத்துவிடுவதுதான் சாதாரணமாக நடக்கும் தவறு. சட்டம் எக்செல்லுக்குத் தெரியாது. பட்டியல் போடுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதைவிட நுட்பமானது, தொகையைப் பிரிக்கும் இடம். 2014 செப்டம்பரில் பி.எஃப். சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாயானது. அதில் முதலாளியின் பங்கு 12 சதவீதம், அதாவது 1,800. ஓய்வூதியத்துக்கு 8.33 சதவீதம் போட்டால் 1,249.50, மீதி 3.67 சதவீதத்துக்கு 550.50. இரண்டு செல்லிலும் ‘ரவுண்ட்’ போட்டுப் பாருங்கள்: 1,250, 551. கூட்டினால் 1,801! இல்லாத ஒரு ரூபாய் முளைத்துவிட்டது. ஓய்வூதியத்தை மட்டும் முழுமையாக்கி, அதை 1,800இலிருந்து கழித்து 550 என்று போடுவதே சரியான வழி. பிரிக்கும் தொகைகளில் ஒன்றைக் கழித்தலுக்கு விட்டுவிட்டால் கூட்டுத்தொகை பிசகாது.

ஃபார்முலாவே போடாமல் தசமத்தை மறைக்கும் பொத்தானை அழுத்துவது எல்லாவற்றையும்விட மோசம். மூன்று பேரின் சம்பளம் தலா 12,337 என்றால், 12 சதவீத பி.எஃப். பிடித்தம் தலா 1,480.44. திரையில் மூன்று 1,480 தெரியும். கீழே மொத்தம் 4,441. கையால் கூட்டுகிறவருக்கு 4,440தான் வரும். மறைந்திருக்கும் பைசா அவருக்கு எப்படித் தெரியும்? பணத்தில் கை வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது.

சின்னப் பிழைதானே என்று விட்டால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை சாட்சி. 1982 ஜனவரியில் 1,000 புள்ளியில் தொடங்கிய குறியீட்டில், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மூன்று தசமத்துக்கு மேற்பட்டதை வெட்டிக்கொண்டே வந்தார்கள். 1983 நவம்பரில் அது 524 புள்ளியில் நின்றது. திருத்திப் போட்டபோது 1,098.

எக்செல்லைக் குறைசொல்லிப் பயனில்லை. பைசாவைக் கடைசிப் படி வரை அப்படியே வைத்து, சட்டம் சொல்லும் இடத்தில் மட்டும் முழுமையாக்க எல்லா வசதியும் அதில் உண்டு. ஆனால் அலுவலகத்தில் செல்லைத் தட்டிப் பார்க்க முடிகிற ஃபார்முலா, தொழிலாளியின் கைக்கு வரும் சம்பளச் சீட்டில் இல்லை. பி.எஃப். அருகிலுள்ள ரூபாய்க்கு, இ.எஸ்.ஐ. அடுத்த ரூபாய்க்கு என்று சீட்டின் அடியில் ஒரு வரி அச்சிட்டால், அவரே கணக்குப் போட்டுச் சரிபார்த்துக்கொள்வார்.