அடக்கி வைத்த பாய்ச்சல்

வல்லூறு வேட்டை என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது அந்தப் பாய்ச்சலைத்தான். மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் வேகத்தில் வானத்திலிருந்து விழுகிற பொரி வல்லூற்றைவிட விரைவான உயிர் உலகில் இல்லை. வியக்க வேண்டியதுதான். ஆனால் அந்த வேகம் இயற்கை கொடுத்தது. எந்த மனிதரும் அதில் ஒரு துளி கூட்டியதில்லை. இதைக் கலை என்று சொல்வதானால், மனிதர் சேர்த்தது என்ன என்று தேடிப் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தின் வடகோடி மேட்டுநிலங்களில் ஆகஸ்டில் தொடங்கி இலையுதிர்காலம் முழுக்க நடக்கும் க்ரௌஸ் வேட்டையைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது. மனிதர் சேர்த்தது பாய்ச்சலுக்கு முந்தைய காத்திருப்பு. நாய், பறவை, ஆள் என மூன்று வேட்டை உயிர்கள், இரை எட்டும் தூரத்தில் இருக்கும்போதே, ஒருசேரத் தம்மை அடக்கிக்கொள்கின்றன. இந்தக் கலையின் அழகு முழுவதும் அந்தச் சில நிமிடங்களுக்குள் இருக்கிறது என்பதே என் வாதம்.

முதலில் நாய். க்ரௌஸ் பிரிட்டன், அயர்லாந்து தீவுகளில் மட்டுமே வாழும் செம்பழுப்பு நிறப் பறவை. நம் கவுதாரிக்கு உறவு, ஆனால் அதைவிடப் பருத்தது; எடை ஏறத்தாழ 600, 700 கிராம். ஹெதர் என்ற குட்டைப் புதரின் தளிரைத் தின்றுகொண்டு, அதே புதருக்குள் ஒளிந்து வாழும். ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை அதை வேட்டையாடச் சட்டம் இடம் தருகிறது. பருவத்தின் தொடக்கத்தில் ஹெதர் பூத்துச் சரிவெல்லாம் ஊதாவாகக் கிடக்கும். குஞ்சுகள் சிறகு முற்றி, தாய் தகப்பனோடு ஒரே குடும்பமாகத் திரியும். நாய் நெருங்கினால் பதுங்கும். அக்டோபர் ஏற ஏறக் குடும்பங்கள் கூடிப் பெருங்கூட்டமாகிவிடும். தொலைவில் ஆள் தெரிந்தாலே எழுந்து பறந்துவிடும். ஆகவே நாயோடு சேர்ந்து வல்லூறு பறக்கவிடச் சிறந்த நாட்கள் குறைவு. பாய்ண்டர், செட்டர் இன நாய்கள் காற்றை எதிர்கொண்டு, இடமும் வலமுமாக மாறி மாறி ஓடி நிலத்தைத் துழாவும். தரையை மோந்துகொண்டு போகாமல், தலையைத் தூக்கிக் காற்றில் வரும் வாடையைப் பிடிக்கும். வாடை மூக்கில் பட்ட கணத்தில் ஓட்டம் அப்படியே நின்றுபோகும். முன்னங்கால் ஒன்று தூக்கியபடி, வால் முதுகோடு ஒரே கோடாக நீண்டபடி, நாய் உறைந்து நிற்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் மூக்கின் துளைகள் மட்டும் விரிந்து சுருங்குவது தெரியும். தொடைத் தசையில் மெல்லிய நடுக்கம் ஓடும்.

வேட்டையாடும் விலங்குகளுக்கு இரைமேல் பாய்வதற்கு முன் ஒரு நொடித் தயக்கம் உண்டு. குறி பார்த்து உடலைச் சேர்த்துக்கொள்ளும் தயக்கம் அது. அந்த ஒரு நொடியைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்து, பல நிமிடங்களாக நீட்டியிருக்கிறார்கள் நாய் வளர்த்தவர்கள். இதற்கு வேட்டைத் துப்பாக்கியைக் காரணம் சொல்வது பாதி உண்மை. துப்பாக்கி பரவுவதற்கு முன்பே, கவுதாரியைக் கண்டதும் தரையோடு படுத்துக்கொள்ளும் நாய்களை ஐரோப்பாவில் பழக்கியிருந்தார்கள். நாயையும் சேர்த்து அதற்கு மேல் வலையை இழுத்துப் போட்டுப் பறவைகளைப் பிடித்தார்கள். செட்டர் அந்த மரபில் வந்தது. இன்னொன்று எனக்கு இதைவிட வியப்பாகப் படுகிறது. ஒரு நாய் உறைந்து நிற்பதைத் தொலைவிலிருந்து பார்க்கும் இரண்டாவது நாய், தன் மூக்குக்கு எந்த வாடையும் எட்டாத நிலையிலேயே, இருந்த இடத்தில் உறைந்துவிடும். முன்னது கண்டதை நம்பித் தானும் நிற்கிறது. இரையைத் தட்டிப் பறிக்க ஓடுவதில்லை.

பெரும்பாலும் நாய் நின்ற பிறகுதான் வல்லூற்றின் தோல் முகமூடியைக் கழற்றுவார்கள். வேட்டைக்குப் பெண் பறவைதான் அதிகம் விரும்பப்படும்; ஆண் அதைவிட மூன்றில் ஒரு பங்கு சிறியது. கையுறைமேல் இருக்கும் பறவை அவசரப்படாது. சுற்றும் பார்க்கும், இறகனைத்தையும் சிலிர்த்து ஒரு முறை உதறும், எச்சமிடும், பிறகு காற்றில் சாயும். அந்தக் கணத்திலிருந்து அது முழு விடுதலை பெற்ற பறவை. கயிறு எதுவும் இல்லை; காலில் ஒரு சிறு மணியும், சில கிராம் எடையுள்ள அலைபரப்பியும்தான் உண்டு. வட்டமிட்டு ஏறி, 200, 300 மீட்டர் உயரத்தில் கரும்புள்ளியாகி, நாய் நிற்கும் இடத்துக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும். இப்போது மூன்று காத்திருப்புகளும் ஒன்றையொன்று தாங்கத் தொடங்குகின்றன. மேலே வல்லூறு இருப்பது தெரிந்த க்ரௌஸ் எழ அஞ்சிப் புதரோடு ஒட்டிக்கொள்ளும். அது எழாததால் நாயின் நிலை கலையாது. நாய் அசையாததால் வல்லூற்றுக்கு எங்கே சுற்றவேண்டும் என்பது தெரியும். வல்லூறுக்காரர் அகலமாகச் சுற்றிப் போய், காற்று வரும் பக்கத்தில், நாயை எதிர்நோக்கி நிற்பார். பறவை காற்றின் மேல்பக்கம் வந்து, தலையை உள்நோக்கித் திருப்பும்வரை அவர் ஓரடி எடுத்துவைக்கக் கூடாது. வால் திரும்பிய நேரத்தில் க்ரௌஸைக் கிளப்பிவிட்டால் எல்லாம் வீண். தலை திரும்பியதும் கிளப்புவார். க்ரௌஸ் காற்றோடு சேர்ந்து சரிவில் பறக்கும். மேலேயுள்ள புள்ளி நீளும், கூராகும், காற்றைக் கிழிக்கும் ஓசை தரைக்குக் கேட்கும். பல தடவை க்ரௌஸ்தான் ஜெயிக்கும். கடைசி நொடியில் உடலைத் திருப்பி வழுக்கிக்கொண்டு, அல்லது புதருக்குள் கல்லாய் விழுந்து, தப்பிவிடும்.

இந்தக் காத்திருப்பில் கடினமானது மனிதருடையதுதான். நாயின் அடக்கம் அதன் இரத்தத்தில் பாதியாவது ஊறியிருக்கிறது. அதற்கு எசமானின் ஒப்புதல் வேண்டும், பாராட்டு வேண்டும். வல்லூறு தனித்து வாழும் பிறவி. யாருடைய ஒப்புதலும் அதற்குத் தேவையில்லை. அது கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: தான் உயரே இருந்தால் கீழே நிற்கும் ஆள் இரையைக் கிளப்பித் தருவார். இளம் பறவையின் முதல் பருவத்தில், தாழப் பறக்கும்போது தற்செயலாக ஒரு க்ரௌஸ் எழுந்து, அதைப் பறவை பிடித்தும்விட்டால், பார்ப்பவர்கள் மகிழ்வார்கள், அனுபவசாலி வருந்துவார். உயரம் தேவையில்லை என்ற பாடத்தைப் பறவை படித்துவிட்டது, அதை மறக்கடிக்க நெடுநாள் ஆகும். கண்ணெதிரே இரை இருக்க, நாய் நிற்க, பறவை 50 மீட்டரில் சுற்ற, 'இன்னும் இல்லை' என்று நிற்கத் தெரிந்தவரே இதில் தேர்ந்தவர். அப்படி வளர்த்த வல்லூறு சில பருவங்களில் நாயையே படிக்கக் கற்றுக்கொள்ளும். நாய் ஓடும்போது பொதுவாகச் சுற்றும், நாய் உறைந்ததும் அதன் தலைக்கு மேலே நகர்ந்து வந்து இறுக்கமாக வட்டமிடும். இயற்கையில் ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாத இரண்டு உயிர்கள் ஒன்றின் அசைவை மற்றொன்று பொருள்கொள்ளும் இந்த இடத்துக்கு ஈடாக வேறெந்த விலங்குப் பழக்கத்தையும் என்னால் சொல்ல முடியவில்லை.

இதற்கு நேரான எதிர்வாதம்: பட்டினி போட்டுப் பணியவைத்த பறவைதானே, இதில் என்ன கலை? கேட்க வேண்டிய கேள்வி. பசி இல்லாமல் எந்த வல்லூறும் திரும்பி வராது. அதனால்தான் நாள் தவறாமல் தராசில் நிறுத்திக் கிராம் கணக்கில் எடை எழுதிவைக்கிறார்கள். ஆனால் பட்டினி கிடக்கும் பறவையால் 300 மீட்டர் ஏறி அங்கேயே கால்மணி நேரம் சுற்ற முடியாது. அது தாழப் பறக்கும், ஆளைச் சுற்றிச் சுற்றி வரும், கத்தும், பாறைமேல் போய் உட்காரும். ஏறும் உயரமே பறவையின் தசை நிலைக்குச் சான்று. வளர்ப்பவரின் யோக்கியதை வானத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி தொங்குகிறது. இன்னொரு சான்று இறகில் இருக்கிறது. இறகு முளைக்கும் நாட்களில் தீனி குறைந்தால், அந்த நாளில் வளர்ந்த பகுதி மெலிந்து, இறகின் குறுக்கே மயிரிழைக் கோடாகப் படியும். சிறகையும் வாலையும் விரித்து வெளிச்சத்தில் பிடித்தால் கோடுகள் தெரியும். பிறகு ஒருநாள் இறகு அந்தக் கோட்டில்தான் முறியும். அடுத்த இறகுதிர்ப்பு வரை வளர்ப்பவரின் குற்றம் அழியாமல் அங்கேயே இருக்கும். முறிந்ததை அப்படியே விடுவதும் இல்லை. சென்ற ஆண்டு உதிர்ந்த இறகுகளை இடம் வாரியாக எடுத்துவைத்திருப்பார்கள். முறிந்த இறகின் தண்டைச் சாய்வாக நறுக்கி, அதே இடத்துப் பழைய இறகை அதே சாய்வில் நறுக்கி, இரண்டு தண்டுக்குள்ளும் மெல்லிய ஊசி ஒன்றைப் பசை தடவிச் செருகி இணைப்பார்கள். இழைகள் ஒன்றோடொன்று பொருந்திவிட்டால் ஒட்டு எங்கே என்று கண்டுபிடிப்பதே கடினம். பல நூறு ஆண்டுப் பழக்கம் இது. இன்றும் இதைவிட நல்ல வழி இல்லை.

காத்திருக்கப் பழகியவர்கள் கூர்ந்து பார்க்கவும் பழகிவிடுகிறார்கள் என்பதற்கு 13-ஆம் நூற்றாண்டுப் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் சாட்சி. தென் இத்தாலியில் வாழ்ந்த அவர் வல்லூறு வேட்டை பற்றி லத்தீனில் எழுதிய நூல் ஆறு பகுதிகள் கொண்டது. அதன் முதல் பகுதி முழுக்கப் பறவைகளின் உடலமைப்பும் வாழ்க்கையும்தான். அரிஸ்டாட்டில் சொன்னதோடு தான் கண்டது ஒத்துவராதபோது, கண்டதையே எழுதினார். பிணந்தின்னிக் கழுகு வாடையால் இரையைக் கண்டுபிடிக்கிறதா என்றறிய அதன் கண்ணை மூடிவைத்து இறைச்சியை எதிரே போட்டுப் பார்த்தார். ஒருவகை வாத்து கடலில் மிதக்கும் மரத்திலிருந்து பிறக்கிறது என்ற கதையை வடக்கே ஆளனுப்பி விசாரித்து, பொய் என்று ஒதுக்கினார். முகமூடி போடும் வழக்கம் அரபுகளிடமிருந்து கற்றது என்று மறைக்காமல் சொன்னார்.

காட்டிலிருந்து பறவைகளைப் பிடித்துக் குறைத்தவர்கள் இவர்கள்தானே என்ற குற்றச்சாட்டுக்கும் வரலாற்றில் இடமுண்டு. நெதர்லாந்தின் வால்கென்ஸ்வார்டு ஊரில், இலையுதிர்காலத்தில் வலசை போகும் வல்லூறுகளை வலைவைத்துப் பிடித்து ஐரோப்பிய அரண்மனைகளுக்கு விற்பது பல தலைமுறைத் தொழிலாக இருந்தது. ஆனால் 20-ஆம் நூற்றாண்டில் பொரி வல்லூற்றை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது டிடிடி போன்ற பூச்சிக்கொல்லி. முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடையிலேயே உடைவதை டெரெக் ராட்கிளிஃப் 1967-இல் எடுத்துக்காட்டினார். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே 1960-களின் நடுவில் இந்தப் பறவை கூடுகட்டுவதே நின்றுபோனது. அதை மீட்டவர்களில் முன்னின்றவர்கள் வல்லூறுக்காரர்கள். டாம் கேட் என்ற பறவையியலாளர், தானும் வல்லூறு வளர்த்தவர், 1970-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பெரிக்ரின் நிதியத்தைத் தொடங்கினார். குஞ்சுகளை உயரமான இடத்தில் பெட்டியில் வைத்து, ஆள் முகம் காட்டாமல் தீனி போட்டு, கதவைத் திறந்துவிட்டு, அவை தாமே வேட்டையாடக் கற்கும்வரை தீனியை நிறுத்தாத பழைய வேட்டைக்கார முறையைக்கொண்டே 4,000-க்கும் மேற்பட்ட பறவைகளைக் காட்டில் விட்டார்கள். 1999-இல் அமெரிக்கா அதை அருகிவரும் உயிரினப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதே கைப்பழக்கம்தான், 1974-இல் நாலே நாலு பறவைகளாகச் சுருங்கியிருந்த மொரீஷியஸ் வல்லூற்றையும் கார்ல் ஜோன்ஸின் உழைப்பில் பிழைக்கவைத்தது. இன்று பிரிட்டனில் வேட்டைக்குப் பறக்கவிடுபவை வளர்ப்பில் பிறந்தவை. இந்தியாவில் 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த வேட்டைக்கு இடம் தரவில்லை; மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையின் சிகிரியாப் பாறையிலும் கூடுகட்டும் ஷாஹீன் வல்லூறு நமக்குப் பார்த்து ரசிக்க மட்டுமே. இங்குள்ள நிலைமைக்கு அதுவே சரி என்று நினைக்கிறேன்.

காத்திருப்புதான் அழகென்றால் கொலை எதற்கு? இரைப்போலியைச் சுழற்றியும் ட்ரோனில் தீனி கட்டித் தொங்கவிட்டும் பறவையை ஏறவைக்கலாமே? ஏறவைக்கலாம்; பயிற்சிக்கு இரண்டையும் பயன்படுத்தவும் செய்கிறார்கள். ஆனால் ட்ரோனுக்குத் தந்திரம் கிடையாது. எந்தப் பக்கம் ஏறிக் காத்திருப்பது, எப்போது இறக்கையை மடக்குவது என்ற தீர்மானத்தைப் பறவை எடுப்பதே, எதிரில் தப்பிக்க வல்ல உயிர் இருப்பதால்தான். நாய் நிற்பதற்கும் உயிருள்ள வாடை வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டால் மற்ற இரண்டு காத்திருப்பும் வெறும் வித்தையாகிவிடும். சாவு சாவுதான், அதை மெழுகிப் பேச எனக்கு விருப்பமில்லை. ஏற்கமுடியாதவர்கள் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் காட்டு வல்லூறு நாள்தோறும் செய்கிறதைவிடக் கொடியதாக எதுவும் இதில் கூடுதலாக நடக்கவில்லை.

எனக்கே கனமாகத் தோன்றும் ஆட்சேபம் நிலத்தைப் பற்றியது. க்ரௌஸ் மேடுகள் பலவற்றில் துப்பாக்கிக்காரர்கள் முன்னால் பறவைகளை ஆள்வைத்து விரட்டிச் சுடும் வழக்கம் உண்டு. அதற்கு ஒரே நிலத்தில் ஏராளமான க்ரௌஸ் வேண்டும். அந்த எண்ணிக்கைக்காகப் பூனைப்பருந்துகளையும் கழுகுகளையும் சட்டவிரோதமாக நஞ்சு வைத்தும் சுட்டும் கொன்ற சம்பவங்கள் மீண்டும் மீண்டும் வெளிவந்திருக்கின்றன. ஸ்காட்லாந்து 2024-இல் க்ரௌஸ் சுடும் நிலங்களுக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டம் இயற்றியதற்கு இந்தக் கொலைகளே முக்கியக் காரணம். வல்லூறு வேட்டையை அதே தட்டில் வைப்பது தவறு. ஒரு பறவை ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை பறந்தாலே அதிகம். க்ரௌஸ் அருகிய நிலத்தில்கூட நாய் ஒரு குடும்பத்தைக் கண்டுபிடித்துவிட்டால் போதும். ஆனாலும் இரண்டு கூட்டமும் ஒரே மேட்டைத்தான் நம்பியிருக்கின்றன. நிலத்தின் சொந்தக்காரரும் பெரும்பாலும் ஒருவரே. யுனெஸ்கோ 2010-இல் 11 நாடுகளின் பேரில் இந்தக் கலையை மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது, 2021-இல் அது 24 நாடுகளாயிற்று. பட்டியலால் ஹெதர் முளைக்காது. நஞ்சு வைத்த மேட்டில் வல்லூறு பறக்கவிட மாட்டோம் என்று வல்லூறுக்காரர்கள் வாய்திறந்து சொல்ல வேண்டும். தாம் வளர்ப்பதும் அங்கே நஞ்சு தின்று சாவதும் ஒரே கூட்டத்துப் பறவைகள் என்பது அவர்களைவிட வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்?