‘எபிபனி’யும் மலையகச் சிறுகதையும்

ஆங்கிலத் திறனாய்வில் ‘எபிபனி’ என்னும் சொல் இன்று தடையின்றி வழங்குவதைக் காணும் ஒருவர், அஃது அரிஸ்டோட்டில் காலந்தொட்டே இலக்கியக் கலைச்சொல்லாக இருந்துவந்தது என எண்ணுதல் கூடும். உண்மை அதுவன்று. வெளிப்படுதல், தோன்றுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்த இது, நெடுங்காலம் சமயச் சொல்லாகவே நிலவியது. தெய்வம் மானிடர்க்குக் காட்சி தருதலே அதன் முதற்பொருள். ஜனவரி 6ஆந் திகதிக்குரிய திருக்காட்சித் திருநாளுக்கு, அதாவது தமிழ்க் கத்தோலிக்கர் ‘மூன்று இராசாக்கள் திருநாள்’ என வழங்கும் நாளுக்கு, ஆங்கிலத்தில் இதுவே பெயர்.

இச்சொல்லைக் கோயிலிலிருந்து தெருவுக்குக் கொணர்ந்தவர் ஜேம்ஸ் ஜொய்ஸ். இளமையில் தாம் கேட்ட பேச்சுத் துணுக்குகளையும் கண்ட காட்சிகளையும் சிறு உரைநடைக் குறிப்புகளாக எழுதி, அவற்றுக்கு இப்பெயரிட்டார். அவற்றுள் நாற்பது எஞ்சியுள்ளன. இச்சொல்லுக்கு அவர் தந்த விளக்கம் ‘ஸ்டீபன் ஹீரோ’ என்னும் முற்றுப்பெறாத நூலில் உள்ளது. அந்நூல் அவர் மறைந்த பின்னர், 1944இலேயே அச்சேறியது. அதனைத் திருத்தி அவர் 1916இல் வெளியிட்ட நாவலில் இச்சொல் இல்லை. 1922இல் வந்த ‘யுலிசிஸ்’ அதனை எள்ளி நகையாடுகின்றது. ஆக்கியோன் கைவிட்டதைத் திறனாய்வாளர் பற்றிக்கொண்டனர் எனலாம்.

இங்கே மனங்கொள்ளத்தக்க வேறுபாடு ஒன்றுண்டு. ஜொய்ஸின் விளக்கப்படி பொருள் தன்னைத் தானே காட்டுகின்றது. கதைமாந்தர் அதனைக் கண்டாக வேண்டும் என்ற நியதி இல்லை. ‘டப்ளினர்ஸ்’ (1914) கதைமாந்தரிற் பலர் எதனையும் உணராமலே போய்விட, வாசகரே உணர்கின்றனர். பிற்கால வழக்கிலோ, கதைமாந்தர் ஒருவர் ‘திடீரென உணர்ந்த’ எந்தக் கணமும் எபிபனி ஆகிவிட்டது. அன்றாட ஆங்கிலம் இன்னும் ஒருபடி கீழிறங்கி, நல்ல யோசனை தோன்றினாலே அச்சொல்லைப் பயன்படுத்துகின்றது.

தமிழில் நேர்ச்சொல் தேடுவோர்க்குக் கிடைப்பவை பல. எனினும் ஒன்றும் பொருந்துவதில்லை. திருக்குறளின் 36ஆம் அதிகாரமான மெய்யுணர்தல் கணநேர மின்னலன்று, நிலைபெற்ற தெளிவு. ‘ஞானோதயம்’ பேச்சு வழக்கிற் கேலிச் சொல்லாகிவிட்டது. ‘பொறி தட்டுதல்’ துப்புக் கிடைப்பதைக் குறிக்கும். திறனாய்வாளர் விரும்பும் ‘தரிசனம்’ படைப்பாளியின் முழு நோக்குக்கு உரியது.

சொல்லில்லாமை குறையன்று. ஆயின் சொல்லோடு அதன் அனுமானங்களும் வந்துவிடுகின்றன; அவை மலையகக் கதைகள்மேல் ஏற்றப்படும்போதே சிக்கல் எழுகின்றது. பதுளை மாவட்டத்தில் ஹாலிஎலைக்கு அண்மையிலுள்ள ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இற் பிறந்து 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ தக்க சான்று. லயத்தின் ஒற்றை அறையில் வயதுவந்த பிள்ளைகளோடு துயிலும் ஒரு குடும்பம். இருளில், மனைவி எனக் கருதிய தந்தையின் கை மகள்மேற் படுகின்றது. அவன் கூசிக் குறுகும் அக்கணத்தை எபிபனி என்று சொல்லிவிடுதல் மிக எளிது.

ஆனால் அக்கணத்தில் அவன் புதிதாக அறிந்தது யாது? காம்பரா போதாது என்பதை மகள் வளர வளர அவன் அறிந்தே இருந்தான். அவன் மனைவி அறிவாள்; சுவருக்கு அப்பாலுள்ளவர்களும் அறிவர், அவர்கள் நிலையும் அதுவே. அங்கே உடைந்தது அறியாமையன்று, பொறுத்துக்கொள்ளும் பழக்கம். ‘டப்ளினர்ஸ்’ நூலின் இறுதிக் கதையில் கேபிரியல் கொன்றோய், மனைவி துயில்கையில் ஹோட்டல் அறையின் யன்னலூடாகப் பனி விழுவதைக் காண்கிறான். அவ்வுணர்வுக்கு ஓர் அறை, ஒரு யன்னல், சற்றே தனிமை ஆகியன முன்னிபந்தனைகள். பழைய லயங்களிற் பலவற்றுக்கு யன்னலே இல்லை. தனிமனித அகவொளியை அளக்கும் கோலைக் கொண்டு, தனிமையே மறுக்கப்பட்ட இடத்தை அளப்பது எங்ஙனம்?

முற்போக்கு விமர்சனமும் இத்தவறினின்று தப்பவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இறுதிப் பந்தியிற் தொழிலாளி திடீரென ‘விழிப்படையும்’ கதைகள் ஒருகாலத்தில் மிகுதியாகப் பாராட்டப்பட்டன. அதுவரை அவன் உறங்கிக் கிடந்தான் என்பதே அப்பாராட்டின் உட்கிடை. ஊவாவின் வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1940இல் வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தஞ் செய்த தொழிலாளர் தமக்கெனத் தேர்தல் மூலம் ஒரு சபையை அமைத்தனர். அச்சபையைக் கலந்து நடக்கத் துரை இணங்கவும் நேர்ந்தது. அத்தகையோர் எழுத்தாளன் வந்து எழுப்பும்வரை காத்திருந்தவர்களல்லர். சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு இட்ட ‘இனிப் படமாட்டேன்’ என்னும் தலைப்பும் இங்கு நோக்கற்பாலது. அது ‘இன்று உணர்ந்தேன்’ என்று சொல்லவில்லை.

அறிதலுக்கும் அதன்படி நடக்க இடமிருத்தலுக்கும் உள்ள தூரம் கதைகளுக்கு மட்டும் உரியதன்று. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. அம்மலைச்சரிவின் ஆபத்துப் பற்றி ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ‘அறிந்தும் ஏன் அகலவில்லை’ என்று அப்போது கேட்டவர்கள், போவதற்கு வேறு வீடு எங்கிருந்தது என்று கேட்கத் தவறினர். ‘மீன்கள்’ கதையின் தந்தையை நோக்கியும் அதே வினாவை அதே தொனியில் எழுப்ப முடியும்.

அங்ஙனமாயின் இச்சொல்லைத் துறந்துவிடுவதா? வேண்டியதில்லை, ஜொய்ஸ் முதலிற் கொண்ட பொருளுக்கு அதனை மீட்டால் போதும். ‘மீன்கள்’ கதையில் எபிபனி உண்டு. அது தந்தைக்கு நேர்வதன்று. தேயிலையைப் பருகி, லயத்தை றெயில் பெட்டியின் யன்னலூடாக மட்டுமே கண்டுவந்த வாசகனுக்கு நேர்வது. அவனுக்கே அக்காம்பரா முதன்முறையாகத் தன்னைக் காட்டுகின்றது. ஹாலிஎலையிலோ பசறையிலோ லயத்திற் பிறந்து, பல்கலைக்கழகம் வந்து, இதே கதையைப் பாடநூலாகப் படிக்கும் மாணவிக்கு அவ்வதிர்ச்சி இராது. அவளது வாசிப்பு எத்தகையது என்பதை நம் விமர்சனம் இன்னும் கேட்டறியவில்லை.