துணியில் எழுந்த நூல்

நூல் என்னும் சொல் தமிழில் இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறிக்கும். புலவனை நூல் நூற்கும் பெண்ணாக உருவகித்தல் நன்னூல் காட்டும் மரபு. பிரான்சிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த சிற்பி லூயிஸ் பூர்ஜுவா (1911–2010), 2002ஆம் ஆண்டில், தொண்ணூறு அகவை நிறைந்தபின் ஆக்கிய துணி நூலொன்று அவ்வுருவகத்தை மெய்ம்மையாக்குகின்றது.

அவர்தம் பெற்றோர் பழைய சித்திரத் திரைச்சீலைகளைச் செப்பனிடும் தொழில் நடத்தினர். சீலைகளின் அடிப்பாகத்தில் அழிந்துபோன பாதங்களை மீள வரைந்து கொடுத்தல் சிறுமி லூயிசின் பணி. தொழிலைத் தாங்கிய தாய் ஜோசபின் 1932இல் மறைந்தார். ஆங்கிலம் கற்பிக்க வந்து இல்லத்தில் தங்கிய பெண்ணுடன் தந்தை கொண்ட உறவோ மகளின் உள்ளத்தில் ஆறாத வடுவாயிற்று. ஆகவே, குடும்ப மரபு என்பது அவருக்குப் பெருமையும் நோவும் ஊடும் பாவுமாய் அமைந்த சீலையாகும்.

1938இல் கலை வரலாற்றறிஞர் ரொபேட் கோல்ட்வாட்டரை மணந்து நியூயோர்க் சென்றார் லூயிஸ். அம்மணத்திற்கெனக் கொண்ட, பெயரின் முதலெழுத்துகள் பொறித்த துவாலைகளே பிற்காலத்தில் அந்நூலின் ஏடுகளாயின. பழைய ஆடைகளின் துண்டுகள் அவற்றின்மீது வட்டமும் கட்டமும் கோடுமாய்த் தைக்கப்பட்டன. சொற்கள் மிகச் சில. நூலின் பெயரோ ‘மறதிக்கு ஒரு பாட்டு’ எனப் பொருள்படும். அறுபதாண்டுக்கு மேலாக எறியாது காத்த துணியைக்கொண்டு மறதியைப் பாடுதல் முரணன்றோ?

முரணன்று. ஆடையை வெட்டியவுடன் அது உடுத்தவளின் கதையை விட்டு நீங்குகின்றது. நிறமும் நெசவுமே எஞ்சுகின்றன. நினைவை இழந்து மறத்தல் வேறு; நினைவை உருமாற்றி விடுதலை பெறுதல் வேறு. பின்னதே ஈண்டுப் பாடப்படுவது.

தையலை மனைத்தொழில் என ஒதுக்குவோர் ஒருசாரார். குடும்பக் கதையை அறிந்தவுடன் படைப்பை உற்று நோக்காது விடுவோர் மற்றொருசாரார். பின்னவர் பிழையே பெரிது. 1999இல் உருவாகி, 2000இல் இலண்டன் டேட் மொடேன் கலைக்கூடத்தை அணிசெய்த ‘அம்மா’ என்னும் உருக்குச் சிலந்தி ஏறத்தாழ ஒன்பது மீற்றர் உயரமுடையது. அது வியப்பூட்டுவது உண்மையே. ஆயினும், சிலந்தி நெசவுத் தாயைக் குறிக்கும் என்னும் விளக்கம் அதற்கு வேண்டப்படுகின்றது. துணி நூலுக்கு அத்தகைய உரை வேண்டியதில்லை. கைபட்டு நைந்த துணியே தன் பொருளை உணர்த்தும்.

செப்பனிடுவோரின் திறன் தையலை மறைப்பதில் உள்ளது. லூயிஸ் ஆக்கிய துணித் தலைகளிலோ தையல் வெளிப்படையாகத் தெரிகின்றது. தாயின் ஊசியை ஏற்ற மகள், கிழிவை மறைக்கும் கடமையை மட்டும் ஏற்கவில்லை. மரபைப் பேணுதல் என்பது அதுவே.