மூலைவிட்டமாக்கல்: ஒரு கலைச்சொல் மதிப்பீடு

ஒரு மூலச்சொல்லுக்கு ஒரே கலைச்சொல் என்பது கலைச்சொல்லாக்கத்தில் பெரிதும் போற்றப்படும் நெறி. ஆங்கிலத்தில் ‘டயகனலைசேஷன்’ எனப்படும் சொல் இந்நெறியின் எல்லையைக் காட்டுகிறது. ‘மூலைவிட்டமாக்கல்’ எனும் நேர்ச்சொல் அணி இயற்கணிதத்தில் முற்றும் பொருந்தும். அளவையியலில் அதே சொல்லை இட்டால் பிழையான பொருளே பெறப்படும்.

அணி இயற்கணிதத்தில் ஒரு சதுர அணி, பொருத்தமான வேறோர் அணியாலும் அதன் நேர்மாறாலும் இருபுறமும் பெருக்கப்பட்டு மூலைவிட்ட அணியாகிறது. முதன்மை மூலைவிட்டத்தில் ஐகன் மதிப்புகள் நிற்க, ஏனைய உறுப்புகள் யாவும் சுழியாகின்றன. ‘அணியை மூலைவிட்டமாக்கு’ என்னும் தொடரில் செயப்படுபொருளும் விளைநிலையும் தெளிவு. எல்லா அணிகளும் இதற்கு இடந்தருவதில்லை: முதல் நிரையில் 1, 1 எனவும் இரண்டாம் நிரையில் 0, 1 எனவும் அமைந்த அணியை அவ்வாறு ஆக்க இயலாது.

கேண்டர் 1891இல் வெளியிட்ட நிறுவலில் நிகழ்வது வேறு. (மெய்யெண்கள் எண்ணுறாதவை என்பதை அவர் 1874இலேயே மூலைவிட்டத்தின் துணையின்றி நிறுவியிருந்தார்.) இரு குறிகளாலான முடிவிலாத் தொடர்வரிசைகளின் பட்டியல் ஒன்றைக் கொள்க. முதல் வரிசையின் முதற்குறி, இரண்டாவதன் இரண்டாங்குறி என மூலைவிட்டத்தின் வழியே சென்று ஒவ்வொன்றையும் மாற்றினால், பட்டியலில் இடம்பெறாத வரிசையொன்று கிடைக்கும். இங்கு எதுவும் மூலைவிட்டம் ஆவதில்லை. மூலைவிட்டம் விளைவன்று, வழியே. ‘பட்டியலை மூலைவிட்டமாக்கி’ என்று படிக்கும் கணித மாணவர் ஏனைய குறிகளெல்லாம் சுழியாயின என்றே கொள்வர். ஆங்கில விகுதி ‘அதுவாக்குதல்’, ‘அதன்வழிச் செயற்படுதல்’ என்னும் இரண்டையும் தாங்கும்; தமிழின் ‘ஆக்கு’ முதலதை மட்டுமே தாங்கும். ஆகவே ‘மூலைவிட்டவழி மாற்றம்’ என்பதே தகும்.

அளவையியலில் மற்றொரு வழக்கும் உண்டு. சுமல்லியன் எழுத்துகளில், மாறி கொண்ட ஒரு கோவையில் மாறிக்கு மாற்றாக அக்கோவையின் மேற்கோளையே இடுதல் இச்சொல்லால் குறிக்கப்படுகிறது. ‘அ என்பது தமிழ்த்தொடர்’ என்பதில் ‘அ’ மாறியாயின், விளைவு: “‘அ என்பது தமிழ்த்தொடர்’ என்பது தமிழ்த்தொடர்”. கோவைகளை நிரைகளாகவும் அவற்றின் பெயர்களை நிரல்களாகவும் அடுக்கினால், ஒவ்வொரு கோவையும் தன் பெயரைச் சந்திக்கும் இடங்கள் மூலைவிட்டத்தில் அமையும், பெயர்க்காரணம் அவ்வளவே. மாற்றமும் இல்லை, சுழியும் இல்லை. கோடெல் 1931இல் வெளியிட்ட முற்றுறாமை நிறுவலில் மேற்கோளின் பணியை எண் செய்கிறது. இதற்குத் ‘தன்பெயரீடு’ எனலாம். மேற்கோட்குறியை விடுவது ஈண்டு இயலாது. தமிழில் ‘என்பது’ மேற்கோளுக்கும் வரும், வெறும் எழுவாய்க்கும் வரும்.

சொற்களைப் பிரித்தால் கேண்டர், கோடெல் இருவரின் முறைகளுக்குள்ள உறவு மறையும் எனலாம். அது மெய்யான இழப்பே. ‘மூலைவிட்டத் தன்பெயரீடு’ என முன்னொட்டு இட்டால் அவ்வுறவு புலப்படும், நீளம் பொறுக்கத்தக்கதே. ஆங்கில நூலின் பொருளடைவில் ஒரே பதிவாக நிற்பது தமிழ்ப் பதிப்பில் மூன்றாகப் பிரியும். பின்னிரண்டுக்கும் இடையே மட்டும் ‘காண்க’ குறிப்பு வேண்டும்.