கடல் விட்ட இடத்திலிருந்து: வீட்டுக் கல் மெருகு இயந்திரம், ஓர் அனுபவ மதிப்பீடு

ஈரத்தில் கண்ணைப் பறிக்கும் கடற்கரைக் கூழாங்கல், காய்ந்ததும் சாம்பல் பூத்ததுபோல் மங்கிவிடும். அதன் மேற்பரப்பு முழுக்க நுண்ணிய கீறல்கள். தண்ணீர் அவற்றை நிரப்பி மட்டமாக்கியிருக்கும்வரை நிறம் துலங்கும். ஈரம் போனதும் ஒளி சிதறும், நிறம் மறையும். அத்தனை காலம் உருட்டிய கடல் மெருகை மட்டும் ஏன் தரவில்லை? அலை, கல்லைக் கல்லோடு மோதவிடுகிறது. மோதலில் முனைகள் மழுங்குகின்றன. அதே மோதலில் பிறை வடிவ வடுக்களும் விழுகின்றன. மெருகு ஏற வேண்டுமானால் கற்கள் மோதாமல் ஒன்றன்மேல் ஒன்று சரிய வேண்டும். ‘ராக் டம்ளர்’ என்று விற்கும் சிறிய இயந்திரத்தின் முழு வேலையும் அதுதான்.

நான் பயன்படுத்துவது 3 பவுண்டு, அதாவது சுமார் 1.4 கிலோ கொள்ளும் சுழல் வகை. ஒரு மோட்டார், ஒரு பெல்ட், இரண்டு உருளைகள், அவற்றின்மேல் படுத்தபடி மெதுவாகச் சுழலும் ரப்பர் டிரம். அமெரிக்காவில் நூறு டாலரை ஒட்டிய விலையில் இந்த வகை கிடைக்கிறது. வாங்கும்போது முதலில் டிரம்மைப் பாருங்கள். ரப்பர் டிரம் சத்தத்தை உள்வாங்கும், கல்லையும் அடிபடாமல் காக்கும். பிளாஸ்டிக் டிரம் இரண்டையும் செய்யாது.

எந்தக் கல்?

என் கற்கள் அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையில், நியூபோர்ட் ஊரை ஒட்டிய அகேட் பீச்சிலிருந்து வந்தவை. எரிமலைப் பாறையின் குமிழிகளில் உருவான அகேட்டும், சிவப்பு, பச்சை ஜாஸ்பரும் அங்கே கிடைக்கும். குளிர்காலப் புயல் மணலை வாரிக்கொண்டு போனதும் அடியிலுள்ள சரளைப் படுகை வெளியே தெரியும். பொறுக்க அதுவே நல்ல பருவம். அந்த மாநிலத்தின் விதிப்படி ஒருவர் நாளொன்றுக்கு 1 கேலன், ஆண்டுக்கு 3 கேலன் வரை சொந்த உபயோகத்துக்கு எடுக்கலாம். பக்கத்திலேயே உள்ள யகீனா ஹெட் பாதுகாப்புப் பகுதியில் ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது. எந்தக் கடற்கரையானாலும் விதியைக் கேட்டுக்கொண்டு குனிவதே முறை.

ஒரு சுற்றில் போடும் கற்களின் கடினம் ஒத்திருக்க வேண்டும். அகேட்டும் ஜாஸ்பரும் மோஸ் அளவில் 6.5 முதல் 7 வரை. சுண்ணாம்புக்கல்லின் கால்சைட் வெறும் 3. இரண்டையும் சேர்த்துப் போட்டால் மென்மையானது கரைந்து சேறாகும். எஃகுக் கத்தியால் கீறிப் பாருங்கள்: கீறல் விழுந்தால் அந்தக் கல்லைத் தனியே வையுங்கள். கிரானைட்டிலும் கவனம் தேவை. அதிலுள்ள மைக்கா முதலில் தேய்ந்து குழி விழுவதால் பளபளப்பு முழுமையாக வராது.

நான்கு கட்டங்கள்

முதலில் 60/90 எண் கொண்ட சிலிக்கன் கார்பைடு பொடி. கடைக்காரர்கள் கார்போரண்டம் என்பார்கள். எண் கூடக்கூடப் பொடி நைசாகும். 3 பவுண்டு டிரம்முக்கு நான்கு முதல் ஆறு மேசைக்கரண்டி போதும். பிறகு 120/220, அடுத்து 500, கடைசியில் மெருகுக்கு அலுமினியம் ஆக்சைடு. கட்டத்துக்கு ஒரு வாரம் என்று கணக்கு வைத்தால் குறைந்தது ஒரு மாதம் ஆகும்.

கடற்கல் ஏற்கெனவே உருண்டைதானே, முதல் கட்டத்தை விட்டுவிடலாமே என்று தோன்றும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் அந்தப் பிறை வடுக்களைப் பார்த்தபின் அப்படித் தோன்றாது. அவை மறையும்வரை, இரண்டு மூன்று முறையானாலும், முதல் கட்டத்திலேயே ஓட்டுங்கள். அங்கே விட்ட குழியைப் பின்னால் வரும் எந்தப் பொடியும் ஆற்றாது.

டிரம் மூன்றில் இரண்டு பங்கு முதல் முக்கால் பங்குவரை நிரம்பியிருக்க வேண்டும். தண்ணீர் கற்களின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும். அளவு குறைந்தால் கற்கள் சரிவதற்குப் பதில் விழும், திரும்பவும் கடல் செய்த வேலையே நடக்கும். கல் தேய்ந்து அளவு குறையும்போது சிறிய பீங்கான் உருளைகளைச் சேர்த்து நிரப்பலாம். குஜராத்தின் கம்பாத்தில் அகேட் மணி செய்தவர்கள் தோல் பையில் மணிகளையும் எமரிப் பொடியையும் தண்ணீரையும் கட்டி நாள்கணக்கில் உருட்டியதும் இதே நெருக்கத்துக்காகத்தான்.

கழுவும் கை

ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே கல், டிரம், மூடி எல்லாவற்றையும் பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒரு துணுக்கு முரட்டுப் பொடி மெருகுக் கட்டத்துக்குப் போய்விட்டால் அந்தச் சுற்றே பாழ். வெடிப்புள்ள கல்லைத் தயங்காமல் நீக்குங்கள். பொடி ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான்.

கழுவிய சேற்றை ஒருபோதும் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். குழாய்க்குள் படிந்து சிமெண்டுபோல் இறுகிவிடும். வாளியில் தெளியவிட்டுக் குப்பையில் சேர்க்கலாம். காய்ந்த சேற்றின் தூசியில் சிலிக்கா உண்டு, நுரையீரலுக்குக் கேடு; ஆகவே ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிடுங்கள். சில கற்களால் டிரம்முக்குள் வாயு சேரும் என்பதால் தொடக்கத்தில் தினமும் ஒருமுறை மூடியைத் திறந்து பார்ப்பது நல்லது.

குறையும் நிறையும்

இரவும் பகலும் ஓடும் இயந்திரம் இது. ரப்பர் டிரம்மானாலும் இரைச்சல் உண்டு. படுக்கையறைக்கு ஆகாது, கராஜோ மூடிய வராந்தாவோ வேண்டும். பெல்ட் தேயும், உதிரி ஒன்று கையில் இருக்கட்டும். மூடியின் விளிம்பில் பொடி ஒட்டியிருந்தால் தண்ணீர் கசியும். அமெரிக்காவில் வாங்கி ஊருக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஊரில் டிரான்ஸ்பார்மர் வைத்தால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் 50 ஆகவே இருக்கும். இவ்வகை மோட்டார் மெதுவாகச் சுழலும், சூடேறவும் கூடும். 230 வோல்ட்டுக்கென்றே செய்ததை வாங்குங்கள்.

அதிர்வு வகை இயந்திரம் சீக்கிரம் முடிக்கும், ஆனால் விலை கூடுதல். ஆழமான வடுவைத் தேய்த்தெடுக்கச் சுழல் வகையே மேல். கடற்கல்லுக்கு அதனால்தான் இதைப் பரிந்துரைக்கிறேன்.

ஒரு மாதம் காத்திருக்க மனமும், கழுவிக் கழுவிப் பார்க்கப் பொறுமையும் உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம். குழந்தைகளோடு செய்ய இதைவிட நல்ல நிலவியல் பாடம் எனக்குத் தெரியாது: கடினம், உராய்வு, ஒளிச்சிதறல் மூன்றையும் அவர்கள் கையால் தொட்டுக் கற்பார்கள். முதல் சுற்றில் அகேட்டும் ஜாஸ்பரும் மட்டும் போடுங்கள். மெருகு முடிந்த கல்லை நன்றாக உலர்த்தி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். காய்ந்த பின்பும் ஈரக்கல்லின் நிறம் தெரிந்தால் வேலை முடிந்தது. தெரியாவிட்டால் ஒரு கட்டம் பின்னே போய் மறுபடி ஓட்டுங்கள்.