மணிக்கட்டா, கட்டைவிரலா?

2006 நவம்பரில் நிண்டெண்டோவின் ‘வீ’ கன்சோல் வந்தபோது, பட்டன் வைத்த கன்ட்ரோலருக்குப் பலர் நாள் குறித்துவிட்டார்கள். டிவி ரிமோட் மாதிரி ஒன்றைக் கையில் பிடித்து வீசினால் திரையில் டென்னிஸ் மட்டை வீசியது. அதுவரை கேம் பக்கமே வராத தாத்தா பாட்டிகளும் பௌலிங் ஆடினார்கள். வீ 10 கோடிக்கும் மேல் விற்றது. பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் சோனி 2010இல் ‘மூவ்’ கொண்டுவந்தது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் ஒரு படி மேலே போய், கையில் எதுவுமே வேண்டாம், உடம்பே போதும் என்று ‘கினெக்ட்’டை இறக்கியது. முதல் 60 நாளில் 80 லட்சம் கினெக்ட் விற்றது.

இன்று எந்தக் கன்சோல் பெட்டியைப் பிரித்தாலும் உள்ளே இருப்பது இரண்டு ஸ்டிக், நான்கு பட்டன், ட்ரிகர்கள் என்ற பழைய அமைப்புதான். கினெக்ட் உற்பத்தி 2017இல் நின்றுபோனது. அப்படியானால் அசைவுக் கட்டுப்பாடு தோற்றுவிட்டதா? இல்லை என்பதுதான் என் கட்சி. எதிரியாக வந்தது, இப்போது பழைய கன்ட்ரோலருக்குள்ளேயே குடியேறிவிட்டது. நம்மில் பலர் அதை ஆன் செய்து பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

இந்த விமர்சனத்துக்காக மூன்று விதமாக ஆடிப் பார்த்தேன். ஸ்விட்ச் கன்சோலின் சிறிய கன்ட்ரோலரான ஜாய்-கானைக் கையில் பிடித்து வீசி ஆடும் ‘நிண்டெண்டோ ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ்’, ‘ஸெல்டா: ஸ்கைவர்ட் ஸ்வோர்ட் எச்டி’ ஆகியவை ஒரு பக்கம். கன்ட்ரோலரை இரு கையாலும் பிடித்தபடி லேசாகச் சாய்த்துக் குறிபார்க்கும் ‘ஸ்ப்ளாட்டூன் 3’, பிளேஸ்டேஷன் 5இன் டூயல்சென்ஸில் ‘ஃபோர்ட்நைட்’ ஆகியவை இன்னொரு பக்கம். மூன்றாவது, நம்மூர்ப் பையன்கள் போனில் ஆடும் துப்பாக்கி கேமான பிஜிஎம்ஐ.

வீசி ஆடுவதில் எது பலிக்கிறது

ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ் பௌலிங்கில் பந்தை உருட்டும்போது மணிக்கட்டைக் கொஞ்சம் முறுக்கினால் பந்து வளைந்து போகிறது. எவ்வளவு முறுக்குகிறோமோ அவ்வளவு வளைவு. கற்றுக்கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. வீட்டுக்கு வந்த யார் கையிலும் கொடுக்கலாம். இந்த இடத்தில் பட்டனால் போட்டி போடவே முடியாது.

ஸ்கைவர்ட் ஸ்வோர்ட் எச்டி வேறு கதை. இதில் ஜாய்-கானே வாள். எதிரி எந்தப் பக்கம் காவல் காக்கிறானோ அதற்கு எதிர்ப்பக்கம் வெட்ட வேண்டும். கிராகிம் என்ற வில்லன் நம் வாள் இருக்கும் திசையைப் பார்த்துக் கையை நகர்த்தி, வெட்டு வந்ததும் விரலால் பிடித்துக்கொள்வான். வாளை ஒரு பக்கம் காட்டி ஏமாற்றிவிட்டு மறுபக்கம் வெட்டும்போது வரும் குஷி அலாதியானது. ஆனால் இடப்பக்கம் வெட்டுவதற்காகக் கையை வலப்பக்கம் கொஞ்சம் வேகமாக ஓங்கினாலே போதும், ஓங்கியதையே வெட்டு என்று கேம் எடுத்துக்கொள்கிறது. கை செய்வது ஏற்பாடா, செயலா என்று சென்சாருக்குத் தெரியாது. பட்டனுக்கு இந்தக் குழப்பமே கிடையாது, அழுத்தினால் அழுத்தியதுதான்.

2011இல் வீயில் வந்த மூலப் பதிப்பில் வாள்வீச்சுக்கு வேறு வழியே இல்லை. 2021 எச்டி பதிப்பில் வலது ஸ்டிக்கைத் தட்டி வெட்டும் வசதியைச் சேர்த்தார்கள். இரண்டையும் மாற்றி மாற்றி ஆடினால் ஒன்று புரிகிறது: வெட்டுக்குத் தேவையான தகவல் வெறும் திசைதான், அதை ஸ்டிக்கே சொல்லிவிடுகிறது. கை வீச்சு இங்கே கூடுதல் ருசி மட்டும். இரவு சாய்ந்து உட்கார்ந்து ஆடும்போது நான் ஸ்டிக்குக்குப் போய்விட்டேன்.

கினெக்ட் அடிபட்டதும் இதே இடத்தில்தான். ‘டான்ஸ் சென்ட்ரல்’ போன்ற நடன கேம்களில் உடம்பே விளையாட்டு என்பதால் ஜோராக ஓடியது. நடக்க, சுட, கதவு திறக்க என்று வந்தபோது அழுத்த ஒரு பட்டன்கூட இல்லாமல் திணறியது. ஒருவர் ஆடவே டிவியிலிருந்து ஆறடி, இருவர் ஆட எட்டடி தள்ளி நிற்க வேண்டும். சோபாவும் டீப்பாயும் போட்ட சராசரி ஹாலில் அந்த எட்டடிக்கு எங்கே போவது? 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னோடு கினெக்ட்டைக் கட்டாயமாகச் சேர்த்து 499 டாலருக்கு விற்றார்கள். மறு ஆண்டே அதைக் கழற்றிவிட்டு 399 டாலருக்கு இறங்கினார்கள்.

ஸ்டிக்கின் பழைய வியாதி

பழைய கன்ட்ரோலர் குறையில்லாதது என்று நினைக்க வேண்டாம். துப்பாக்கி கேம்களில் குறிபார்க்கும்போது அதன் பலவீனம் பளிச்சென்று தெரியும். ஸ்டிக்கைச் சாய்த்தால் பார்வை அந்த இடத்துக்குப் போய் நிற்பதில்லை. அந்தத் திசையில் நகரத் தொடங்குகிறது. எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு வேகம். குழாயைத் திறந்துவிட்டுக் குடம் நிறையும் கணத்தில் சரியாக மூடுவது போன்ற வேலை இது: கொஞ்சம் பிந்தினால் வழியும், முந்தினால் குறையும். எதிரியின் தலைமேல் குறி வந்த கணத்தில் விரலை விட வேண்டும். தாண்டிவிட்டால் திரும்பி வர வேண்டும்.

அதனால்தான் கன்சோல் துப்பாக்கி கேம்களில் ‘எய்ம் அசிஸ்ட்’ வைக்கிறார்கள். குறி எதிரிக்குப் பக்கத்தில் வந்தால் கேமே வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் இழுத்தும் கொடுக்கும். மவுஸ் வைத்து ஆடுபவர்களுக்கு இந்த ஊன்றுகோல் தேவையில்லை. மவுஸை இரண்டு சென்டிமீட்டர் நகர்த்தினால் பார்வை அதற்கேற்ற கோணத்துக்குத் திரும்பி நின்றுவிடும்.

கைரோ செய்யும் வேலை

கைரோ சென்சார் செய்வது கிட்டத்தட்ட மவுஸின் வேலை. உள்ளே மிகச் சிறிய சிலிக்கன் துண்டு ஒன்று ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். கன்ட்ரோலரைத் திருப்பினால் அந்த அதிர்வு பக்கவாட்டில் விலகும். அந்த விலகலை அளந்து, நொடிக்கு எத்தனை டிகிரி திரும்புகிறோம் என்று சொல்லிவிடும். மணிக்கட்டை இவ்வளவு திருப்பினால் பார்வை இவ்வளவு திரும்பும். கை நின்றால் குறியும் நிற்கும்.

ஸ்ப்ளாட்டூன் 3 இதை அழகாகப் பங்கு பிரித்திருக்கிறது. கைரோவை ஆன் செய்தால் வலது ஸ்டிக் இடம் வலமாக மட்டும் திரும்பும். மேலும் கீழும் பார்ப்பது முழுக்க மணிக்கட்டின் பொறுப்பு. முதலில் எரிச்சலாக இருக்கும். குறி வானத்தைப் பார்க்கும், தரையைப் பார்க்கும், கை தன் பாட்டுக்கு ஆடும். பழகியதும் பெரிய திருப்பத்துக்குக் கட்டைவிரல், கடைசி நூலளவு திருத்தத்துக்கு மணிக்கட்டு என்று கையே பிரித்துக்கொள்கிறது. அதன் பிறகு கைரோவை அணைத்துவிட்டு ஆடினால் கையைக் கட்டிப்போட்டது மாதிரி இருக்கிறது.

இன்னொரு லாபமும் உண்டு. வலது கட்டைவிரலுக்கு ஸ்டிக்கும் வேண்டும், நான்கு பட்டனும் வேண்டும். குதிக்கப் பட்டனைத் தொட்டால் அந்த நேரத்துக்குக் குறிபார்ப்பது நின்றுவிடும். கைரோ இருந்தால் குதித்தபடியே குறி பிடிக்கலாம்.

ஃபோர்ட்நைட் 2022இல் கைரோவோடு ‘ஃப்ளிக் ஸ்டிக்’ என்பதையும் சேர்த்தது. இதில் ஸ்டிக்கை எந்தத் திசையில் தட்டுகிறோமோ அந்தத் திசைக்குப் பாத்திரம் சட்டென்று திரும்பிவிடும். கீழே இழுத்தால் அதே கணத்தில் முதுகுப்பக்கம். மற்றதெல்லாம் கைரோ பார்த்துக்கொள்ளும். முதுகில் சுடுபவனை நோக்கித் திரும்ப இதைவிட வேகமான வழியை நான் கன்ட்ரோலரில் பார்த்ததில்லை. ஆனால் பழைய பழக்கத்தை முழுக்க மறந்தால்தான் இது கைக்கு வரும்.

நம்மூரில் ஏற்கெனவே வென்ற இடம்

டூயல்சென்ஸை அக்கா மகனிடம் கொடுத்தேன். கன்சோலைத் தொட்டிராத பையன். போனில் பிஜிஎம்ஐ ஆடுபவன். செட்டிங்கைப் பார்த்ததும், “மாமா, கைரோ இருக்கா? அப்போ ஆல்வேஸ் ஆன் போடுங்க” என்றான். கொஞ்ச நேரத்திலேயே குறி அவன் சொன்னபடி கேட்டது. பல வருடங்களாக பிளேஸ்டேஷன் ஆடும் என் நண்பரோ சிறிது நேரத்தில் அணைத்துவிட்டு ஸ்டிக்குக்கே திரும்பிவிட்டார்.

காரணம் எளிது. தொடுதிரையில் இருப்பது வழுக்கும் கண்ணாடி. இடது கட்டைவிரல் நடக்க, வலது கட்டைவிரல் குறிபார்க்கவும் சுடவும். தொடர்ந்து சுடும்போது துப்பாக்கி மேலே உதறும்; அந்த ரீகாயிலை அடக்க விரலை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். போனை லேசாகக் கீழ்நோக்கிச் சாய்த்தால் அந்த வேலை முடிந்தது. ஸ்கோப் வைக்கும்போது மட்டும் கைரோ, எப்போதும் கைரோ என்று இரண்டு வழியை பிஜிஎம்ஐ தருகிறது. எதற்கு எவ்வளவு சென்சிட்டிவிட்டி என்று பையன்கள் டீக்கடையில் விவாதிக்கிறார்கள். அசைவுக் கட்டுப்பாடு செத்துவிட்டது என்பவர்கள் இந்தத் தலைமுறையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

தொந்தரவுகள்

கைரோவுக்கு வடக்கு தெற்கு தெரியாது. திரும்பிய வேகத்தை மட்டும் அளந்து கூட்டிக்கொண்டே போகிறது. கூட்டலில் துளித்துளியாகப் பிழை சேரும். மேல் கீழ்ச் சாய்வை ஆக்சிலரோமீட்டர் புவியீர்ப்பைப் பார்த்துத் திருத்திவிடும். இடம் வலத்தைத் திருத்த யாருமில்லை. வீ ரிமோட்டுக்கு டிவி மேல் வைத்த அகச்சிவப்பு விளக்குப் பட்டை வழிகாட்டியது. ஸ்விட்ச்சில் அது இல்லாததால் ஸ்கைவர்ட் ஸ்வோர்ட் எச்டியில் அடிக்கடி ஒய் பட்டனை அழுத்தி நடுவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. கன்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டுப் பாருங்கள்: குறி தானாக ஊர்ந்தால் சமதளத்தில் வைத்து கேலிபிரேட் செய்யும் நேரம் வந்துவிட்டது.

பேருந்தில் பிஜிஎம்ஐ ஆடுபவர்களுக்கு இன்னொரு வேடிக்கை தெரியும். வண்டி முனையில் திரும்பினால் குறியும் கூடவே திரும்பும். திரும்பியது கையா, பேருந்தா என்று பாவம் அதற்கு எப்படித் தெரியும்? பயணத்தில் ஸ்கோப் ஆன் மட்டும் வைப்பது நல்லது.

உடம்பு விஷயமும் இருக்கிறது. எல்லோராலும் கையை வீச முடியாது; மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்குக் கைரோவே சிரமம். அசைவை மட்டுமே வழியாக வைக்கும் கேம் அவர்களுக்குக் கதவைச் சாத்துகிறது. இரண்டு வழியும் கொடுப்பது நியாயம்.

இனி எந்தப் பக்கம்

கைரோ பரவாமல் இருப்பதற்குப் பெரிய காரணம், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் வரைக்கும் கூட அதன் வழக்கமான கன்ட்ரோலரில் கைரோ சென்சாரே இல்லாததுதான். எல்லாக் கன்சோலுக்கும் கேம் எழுதுபவர்களுக்கு இது வேண்டாத கூடுதல் வேலை. மறுபக்கம் டூயல்சென்ஸ், ஸ்விட்ச், கையடக்கக் கணினியான ஸ்டீம் டெக் மூன்றிலும் இருக்கிறது. ஸ்டீம் டெக்கில் கட்டைவிரல் ஸ்டிக்கைத் தொட்டிருக்கும்போது மட்டும் கைரோ வேலை செய்யும்படி வைக்கலாம், எடுத்தால் நிற்கும். மவுஸைத் தூக்கி வைப்பது போல மணிக்கட்டை வசதியான நிலைக்குக் கொண்டுவர இது பெரிய உபகாரம்.

கை வீச்சுக்கு உண்மையான வீடு விஆர்தான். ‘பீட் சேபர்’ ஆடும்போது கை இருக்கும் இடத்தை ஹெட்செட்டின் கேமராக்களே பார்த்துவிடுவதால் நடுவுக்குக் கொண்டுவரும் தொல்லை இல்லை. ஆனால் அந்த விஆர் கன்ட்ரோலர்களிலும் ஸ்டிக், ட்ரிகர், பட்டன் எல்லாம் இருக்கின்றன. கண்ணும் வெறுங்கையும் போதும் என்று 2024இல் வந்த ஆப்பிள் விஷன் புரோவும், மறு ஆண்டு சோனியின் விஆர் கன்ட்ரோலர்களுக்கு இடம் கொடுத்துவிட்டது. விரலுக்கு அழுத்த ஏதாவது வேண்டும். காற்றை அழுத்தி யாருக்கும் திருப்தி வரவில்லை. 2025இல் வந்த ஸ்விட்ச் 2இன் ஜாய்-கானைப் பக்கவாட்டில் கவிழ்த்தால் மவுஸாகவே ஓடுகிறது. எல்லாம் ஒரே பக்கம்தான் போகின்றன: பட்டன் இருக்கும், அதோடு கையின் நுண்ணிய அசைவும் சேரும்.

தீர்ப்பு

வீட்டில் விருந்தாளிகளோடு கலகலப்பாக ஆட வேண்டுமா, வீசி ஆடும் ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ் போதும். கையில் வார் மாட்டிக்கொள்ளுங்கள். 2006இல் ரிமோட் பறந்து டிவி உடைந்த கதைகள் வந்த பிறகு நிண்டெண்டோ 32 லட்சம் வார்களை மாற்றித்தர முன்வந்தது. கார் பந்தயம், கால்பந்து, சண்டை கேம்களுக்குப் பழைய ஸ்டிக்கும் பட்டனுமே ராஜா. துப்பாக்கி, வில் உள்ள எந்த கேமுக்கும் இரண்டும் சேர்ந்ததுதான் என் தேர்வு.

புதிதாகத் தொடங்குபவர்கள் குறிபார்க்கும்போது மட்டும் கைரோ வேலை செய்யும்படி வையுங்கள். சென்சிட்டிவிட்டியைக் குறைவாகத் தொடங்கி ஏற்றுங்கள். முழங்கையை மடியில் ஊன்றிக்கொண்டால் குறியின் நடுக்கம் பாதி அடங்கும். முதல் சில நாட்கள் முன்பைவிட மோசமாகத்தான் ஆடுவீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோலர் வாங்கும்போது அதிர்வு, விளக்கு, நிறம் எல்லாம் பார்க்கிறோம். கைரோ உண்டா என்றும் கேளுங்கள். மலிவான பல மாடல்களில் அது இருக்காது. கம்ப்யூட்டரில் ஆடுவதானால் இன்னொரு சங்கதி: எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலராகத் தன்னைக் காட்டிக்கொள்ளும் மோடில் கைரோ இருந்தாலும் கேமுக்குப் போய்ச் சேராது. டூயல்சென்ஸ் அல்லது ஸ்விட்ச் புரோ கன்ட்ரோலரை ஸ்டீம் மென்பொருளில் இணைத்தால் கைரோவை மவுஸாக மாற்றிக்கொள்ளும் வசதி அங்கேயே இருக்கிறது. ஒருவேளை உங்கள் அலமாரியில் கிடக்கும் கன்ட்ரோலரே போதுமாக இருக்கலாம். புதிதாகக் காசு செலவழிக்குமுன் அதன் செட்டிங்கைத் திறந்து பாருங்கள்.