கேமரன் மலை யாருடைய தொகுதி?

மலேசியாவில் பொதுத்தேர்தல் நெருங்கினால் போதும், ஒரு வாதம் தவறாமல் மேடை ஏறும்: கேமரன் மலை மலேசிய இந்தியக் காங்கிரஸின் (ம.இ.கா.) தொகுதி, அது ம.இ.கா.வுக்கே திரும்ப வேண்டும், கட்சிக்கு நாற்காலி இல்லாவிட்டால் தோட்டத்து இந்தியனுக்குக் குரலே இல்லை. கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2004-இல் முதன்முதலாக வாக்களித்த அந்தத் தொகுதியின் கதையே இதற்கு எதிர்ச்சாட்சி.

கட்சியே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளியின் சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்கிக் காட்டியது. இன்றும் பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கு மனு எழுதுவது, தமிழ்ப்பள்ளிக் கட்டடத்துக்கு மானியம் கேட்டு அலைவது போன்ற வேலைகளைக் கிளைத் தலைவர்கள்தாம் செய்கிறார்கள். இதையெல்லாம் மறுப்பதற்கில்லை.

ஆனால் அதே கிளைத் தலைவர், தன் தொகுதி வேட்பாளர் யார் என்பதைப் பத்திரிகையில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். தேசியத் தலைவரைத் தேர்ந்தெடுக்க அவருக்கு ஓட்டு உண்டு. தன் ஊரின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க இல்லை. நம் கட்சி அரசியலின் அடிப்படை நோய் இதுதான்.

2013-ஐப் பாருங்கள். கேமரன் மலையில் இரண்டு தவணை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த தேவமணியைச் சுங்கை சிப்புட்டுக்கு அனுப்பிவிட்டு, உலு சிலாங்கூரில் தோற்றிருந்த கட்சித் தலைவர் பழனிவேலை மலைக்குக் கொண்டுவந்தார்கள். எதிரே ஜனநாயக செயல் கட்சி (ஜ.செ.க.) நிறுத்திய மனோகரனும் தெலுக் இந்தானிலிருந்து வந்தவர். இரு தரப்பும் இறக்குமதி செய்த போட்டியில் பழனிவேல் 462 வாக்கு வித்தியாசத்தில் தப்பித்தார். இயற்கைவள, சுற்றுச்சூழல் அமைச்சரும் ஆனார். அதே ஆண்டு அக்டோபரில் ரிங்லெட் அணையின் நீரைத் திறந்துவிட, பெர்த்தாம் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கி உயிர்கள் போயின. மறு ஆண்டு நவம்பரில் மீண்டும் வெள்ளம், சேற்றுச்சரிவு, சாவு. மலைச்சரிவுகளைக் கண்டபடி வெட்டியதுதான் காரணம் என்று ஊரே பேசியது. நிலம் மாநில அரசின் அதிகாரம் என்பது உண்மைதான். ஆனாலும் அமைச்சர், உறுப்பினர், கட்சித் தலைவர் மூன்றும் ஒருவரே என்றால், அந்த மலைக்கு அதைவிட என்ன பலம் வேண்டும்? அந்தப் பலமெல்லாம் கட்சித் தேர்தல் தகராறிலும் சங்கப் பதிவகத்தோடு நடந்த வழக்கிலும் கரைந்தது. 2015-இல் கட்சி உறுப்பியமும் போனது, அமைச்சர் பதவியும் போனது. அவரை வாக்காளர் தோற்கடிக்கவில்லை. கட்சிச் சண்டை தோற்கடித்தது.

2018-இல் ம.இ.கா.வின் சிவராஜ் 597 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பழங்குடியினரான ஓராங் அஸ்லி வாக்காளருக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்று தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றியையே செல்லாது என்றது. 2019 ஜனவரி இடைத்தேர்தலில் ம.இ.கா. அங்கம் வகித்த தேசிய முன்னணிக் கூட்டணி, அக்கட்சியைச் சேராத ரம்லி முகமட் நோரை நிறுத்தியது. மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஓராங் அஸ்லி அவர். அது வரவேற்க வேண்டிய வரலாறு. ஆனால் அவரையும் தலைவர்கள் கூடித்தான் முடிவு செய்தார்கள். மலையில் யாரையும் கேட்கவில்லை.

இங்கேதான் 'எங்கள் தொகுதி' வாதம் நொறுங்குகிறது. இந்திய வாக்காளர் அங்கே ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. இன்று தேயிலைக் கொழுந்து வெட்டுகிறவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள், ஓட்டில்லாதவர்கள். அந்த நாற்காலி கூட்டணிப் பங்கீட்டில் வந்தது, கூட்டணிப் பங்கீட்டிலேயே போனது. இரவல் நகையைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள் என்று அழுவதில் என்ன நியாயம்?

வேட்பாளரை அடிமட்டமே தேர்ந்தெடுக்க முடியும் என்பதற்கு அமெரிக்கா சான்று. அங்கேயும் கட்சிகளுக்குக் குறை ஏராளம். பணமும் வெறிப்பேச்சும் அங்கே ஆட்டிப்படைக்கின்றன. ஆனாலும் 2018 ஜூனில் நியூயார்க்கில் பத்துத் தவணை உறுப்பினர் ஜோ குரோலியை, அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ் என்ற இளம்பெண் கட்சியின் முதற்கட்டத் தேர்தலிலேயே வீழ்த்தினார். மேலிடத்தின் ஆசி அவருக்குத் தேவைப்படவில்லை. அதே ஆண்டு கேமரன் மலையில் ஒரு ம.இ.கா. உறுப்பினர் அப்படி நினைத்துப் பார்க்கவாவது முடிந்திருக்குமா?

கூட்டணி என்றால் பங்கீடு தவிர்க்க முடியாது என்பார்கள். எந்தக் கட்சிக்கு எந்தத் தொகுதி என்பதைத் தலைவர்கள் பேசிக்கொள்ளட்டும். அந்தத் தொகுதிக்கு யார் என்பதை அவ்வூர்க் கிளைகள் சொன்னால் கூட்டணி கவிழ்ந்துவிடாது. 2022-இன் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சியைவிட்டு விலகும் உறுப்பினர் நாற்காலியையும் இழக்கிறார். தாவலைத் தடுத்தது நல்லதே. ஆனால் உறுப்பினர் மீதான கட்சியின் பிடி இறுகிவிட்ட பிறகு, அந்தக் கட்சிக்குள் வாக்காளனுக்கு ஒரு வாசலும் இல்லையென்றால், அவன் ஓட்டுக்கு மிஞ்சுவது ஒப்புதல் முத்திரையின் வேலைதான்.

கேமரன் மலையைத் திரும்பக் கேட்கும் ம.இ.கா. தலைவர்கள், முதலில் ரிங்லெட் கிளையிலும் தானா ராத்தா கிளையிலும் வேட்பாளருக்கு வாக்கெடுப்பு நடத்தட்டும். அந்தத் துணிச்சல் இல்லாதவரை, அவர்கள் கேட்பது சமூகத்தின் குரலை அல்ல, தங்களுக்கான நாற்காலியை.